நாற்காலி இழுபடும் சத்தம்

திரையில் இன்னும் அதே வாசகம்தான் நின்றது. சற்று நேரத்தில் உள்ளே அழைப்பார்கள், தயவுசெய்து காத்திருக்கவும். செண்பகவல்லி காத்திருந்தாள். காத்திருப்பதில் அவளை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. பதினேழு வயதில் அரை மார்க்கில் கைநழுவிப் போன டாக்டர் படிப்புக்காக முப்பத்திரண்டு வயதில், டொரொண்டோவில், அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையில், இஸ்திரி மேசைமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, மேலே கறுப்புக் கோட்டும் கீழே பைஜாமாவும் கம்பளிக் காலுறையுமாக உட்கார்ந்திருக்கிறவளுக்கு இன்னும் கால்மணி நேரம் ஒரு பெரிய விஷயமா. ஒன்பது மணிக்கு நேர்காணல். திரையின் மூலையில் சின்னப் பெட்டிக்குள் அவள் முகம் தெரிந்தது. பொட்டு வைத்து, எடுத்து, மறுபடி வைத்ததில் நெற்றி லேசாகச் சிவந்திருந்தது. மற்றபடி முகம் பரவாயில்லை, தூங்கி எழுந்த முகம் மாதிரிதான் இருந்தது. தூங்கவில்லை என்பது அவளுக்கும் தலையணைக்கும் தெரிந்தால் போதும். கதவுக்கு அந்தப் பக்கம் ராஜதுரை, அவள் புருஷன், சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தான். அவன் துலக்குகிறவன்தான், அதில் குறை சொல்ல முடியாது, ஆனால் அவன் துலக்கினால் கீழ்வீட்டுக்காரர்களுக்கும் கேட்கும். இன்றைக்கு ஒரு டம்ளர்கூட இன்னொன்றின்மேல் இடிக்கவில்லை. நேர்காணல் என்பதால்தான். வேறென்ன. நேர்காணல் என்பதால்தான் லீவு போட்டிருக்கிறான். நேர்காணல் என்பதால்தான் காலையில் அவள் போனை வாங்கி வைத்துக்கொண்டான், "நெட்டு ரெண்டுக்கும் இழுக்கும் வல்லி, ஒண்ணு அணைஞ்சு கெடக்கட்டும்" என்று. அவளும் மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். சொல்லப்போனால் அவன் கேட்டு முடிப்பதற்குள் அவள் கை நீண்டுவிட்டது. அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் கேள்வி படிப்பைப் பற்றித்தான் இருக்கும். உங்களுடையது வெளிநாட்டுப் பட்டம், அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள் என்பார்கள். வெளிநாட்டுப் பட்டம். கோவில்பட்டியில் தெருமுனையில் டவுன் பஸ் ஏறி, டிபன் பாக்ஸில் சோறு ஆறுவதற்குள் போய் இறங்கிப் படித்த படிப்புக்கு வெளிநாட்டுப் படிப்பு என்று பெயர். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள், நம்ம கண்டக்டர் மக ஃபாரின்ல படிச்சவளாம்ல என்று. பி.எஸ்ஸி. ஸுவாலஜி. கரப்பான்பூச்சியை மெழுகுத் தட்டில் குத்தி வைத்து அதன் நரம்பை அறுபடாமல் பிரித்துக் காட்டியபோது மேடம் மற்றப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு, இங்க வந்து பாருங்கடி, கைன்னா இது கை என்றார்கள். அந்தக் கையை இங்கே யாரும் கேட்கவில்லை. பட்டங்களை எடைபோட்டுச் சொல்கிற அலுவலகம் ஒன்று இருக்கிறது. அவர்கள் அவள் சான்றிதழைப் பார்த்துவிட்டு மூன்றாண்டுக் கல்வி என்று சொல்லிவிட்டார்கள். இங்கே நாலு ஆண்டு வேண்டும். நாலாவது ஆண்டு எங்கே என்றால் அவள் எங்கே போய்த் தேடுவாள், அந்தக் கல்லூரியில் நடத்தியதே மூன்றுதான். விண்ணப்பித்த இடங்களில் முக்கால்வாசிப் பேர் பட்டம் எந்த நாடு என்ற வரியைத் தாண்டி அவளைப் படிக்கவே இல்லை. பகலெல்லாம் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்திவிட்டு, சாயங்காலம் வகுப்புக்குப் போய், கெமிஸ்ட்ரியை மறுபடி ஆனா ஆவன்னாவிலிருந்து படித்தாள். கூடப் படித்த பிள்ளைகள் அவளை டீச்சர் என்று நினைத்துக் கதவைத் திறந்து பிடித்தார்கள். நுழைவுத் தேர்வை இரண்டு தடவை எழுதினாள். கடைசியில் ஒரே ஒரு கல்லூரி, இந்த ஒன்று மட்டும், வெளிநாட்டுப் பட்டமா, சரி, வா பேசிப் பார்ப்போம் என்றது. அதுவும் இந்த வருஷத்தோடு சரி. அடுத்த வருஷத்திலிருந்து அவர்களும் வெளிநாட்டுப் பட்டத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்று அழைப்பு வந்த அதே வாரம் அறிவித்துவிட்டார்கள். ஆக, இதை விட்டால் இன்னொன்று கிடையாது.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவருடைய நெற்றி சிரித்தது. போனைப் பிடிக்கத் தெரியாது அவருக்கு. வீடியோவில் எப்போதும் பாதி நெற்றியும், மேலே சுற்றுகிற ஃபேனும், சுவரில் மாட்டின காலண்டரின் ஒரு மூலையும்தான் தெரியும். "ஒண்ணு இருக்குல்லா தாயி. கூட்ட வண்டில ஏறணும்னா ஒரு கால் வைக்க எடம் போதும். மத்ததெல்லாம் உள்ள போனா கெடைக்கும்" என்றார். ஆயுசெல்லாம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் என்பதால் அவருக்கு எல்லாமே பஸ்தான். அரை மார்க்கில் போனபோது அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். அப்பா டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஏதாவது சொல்லித் தேற்றுவார் என்று பார்த்தால் அவரும் அழ ஆரம்பித்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எழுந்து போய் முகத்தைக் கழுவிவிட்டு, சோறு போட்டுக்கொண்டு வந்தாள், இரண்டு பேருமாகச் சாப்பிட்டார்கள். அப்பாவுக்காகத்தான் டாக்டர் ஆக வேண்டுமா? அப்படிச் சொல்லிவிடாதே, பெற்றவர்கள் ஆசைக்காக வந்தவள் என்று நினைத்தால் கழித்துவிடுவார்கள் என்று நேர்காணலுக்குப் பயிற்சி கொடுத்த பெண் எச்சரித்திருந்தாள். உன் சொந்த ஆசையைச் சொல் என்றாள். சொந்த ஆசை எது, அப்பா ஆசை எது என்று பிரிக்கப் பார்த்தால் இரண்டும் குழம்பும் சோறுமாகப் பிசைந்து கிடந்தன. அப்பா விடியற்காலம் எழுந்து, தானே காப்பி போட்டுக் குடித்துவிட்டு, போனோடு உட்கார்ந்திருப்பார். இங்கே அப்போது முந்தின நாள் சாயங்காலம். வேலை முடிந்து வந்து அவள் கூப்பிடுவாள், முதல் மணியிலேயே எடுத்து "சொல்லு தாயி" என்பார். கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து அப்படித்தான். நேற்று மட்டும் இசக்கி எடுத்தான்.

இசக்கிராஜ், அவள் தம்பி. சூரியனைக் கண்டு எழுந்த சரித்திரம் அவனுக்குக் கிடையாது. அவன் முதல் மணியில் எடுத்தான். "எக்கா, சொல்லு." என்னடா நீ எடுக்க, அப்பா எங்க என்று கேட்டாள். "தூங்குதாகக்கா. ராத்திரி படுக்க நேரமாயிட்டு." அம்மா எங்க என்று கேட்டாள். "அம்மா கோயிலுக்குப் போயிருக்கு. ஒனக்காகத்தான், இன்டர்வியூன்னு." விடியறதுக்குள்ளயா என்றாள். "ஆமா, கூட்டம் வர முன்னாடி." அவன் வெளியே நின்றுகொண்டிருந்தான், காற்று சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளை உருவி எடுத்துத் தரையில் போடுகிற சத்தம். ஒரு கிறீச், ஒரு டப். ஒரு கிறீச், ஒரு டப். அவள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவனும் அவள் கேட்பதைக் கேட்டிருக்க வேண்டும், நடந்து தள்ளிப் போனான், சத்தம் குறைந்தது. "நீ நல்லாப் பண்ணுக்கா. வேற எதையும் போட்டுக் கொழப்பிக்காத." இப்படிப் பேசுகிறவனா அவன். கெழட்டு டாக்டரம்மா, ஒங்கிட்ட வைத்தியத்துக்கு வர்றவன் மொதல்ல உயிலு எழுதிட்டு வரணும் என்று முந்தாநாள்வரை சொன்னவன். சரிடா, வைக்கட்டுமா என்றாள். சரிக்கா என்றான். இரண்டு பேரும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவன் மூச்சு கேட்டது. பிறகு அவள்தான் வைத்தாள்.

நாற்காலி என்றால் எத்தனையோ இருக்கும். பக்கத்து வீட்டில் காதுகுத்து இருக்கலாம். எதிர்த்த வீட்டில் பெண் பார்க்க வரலாம். கட்சிக்காரர்கள் கூட்டம் போடலாம், அவர்களுக்கு நேரம் காலமே கிடையாது. விடியற்காலம் தெருவில் நாற்காலி இறங்குகிறது என்றால் அது ஒரே ஒரு காரணத்துக்காகத்தானா இருக்க வேண்டும்? நாற்காலிக்காரன் நாலு இடத்துக்குப் போக வேண்டியவன், முதலில் இங்கே இறக்கிவிட்டுப் போகலாமென்று நினைத்திருப்பான். எதிர்த்த வீட்டில் எந்தப் பெண்ணைப் பார்க்க வருகிறார்கள், அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பையன்கள். சரி, காதுகுத்து. பக்கத்து வீட்டில் பிள்ளை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்று அப்பாதான் போன வாரம் சொன்னார். அப்பாவுக்கு என்ன, சர்க்கரை கொஞ்சம் உண்டு, மாத்திரை போடுகிறார். கொஞ்ச நாளாகப் படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றார். நெஞ்சு எரிச்சலாக இருக்கிறது என்றும் சொன்னார். அதற்கு அவள், படிப்பு படிப்பு என்று இருக்கிறவள், ஸுவாலஜியும் உடலியங்கியலும் இரண்டு நாட்டில் படித்தவள், புளிக்குழம்பைக் கொஞ்சம் குறைங்கப்பா என்று சொல்லிவிட்டுத் தன் நேர்காணலைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். இந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் சுட்டது. கோட்டைக் கழற்றிவிடலாமா என்று பார்த்தாள், உள்ளே போட்டிருந்த சட்டை கசங்கியிருந்தது. குடும்பத்து வாட்ஸப் குழுவில் பெரியப்பா தினமும் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் போடுவார். யார் கெஞ்சினாலும் நிறுத்த மாட்டார். கொரோனாவில் படுத்திருந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்துகூட ரோஜாப்பூ வந்தது. இன்றைக்குக் காலையில் போனை ராஜதுரை கையில் கொடுப்பதற்கு முன் பார்த்தாள். ரோஜாப்பூ இல்லை. நாற்பது பேர் இருக்கிற குழுவில் நேற்றிலிருந்து ஒருத்தர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் விளக்கு. அவள் விளக்கை மறந்தால்கூட ராஜதுரை மறக்க மாட்டான். சமையலறை அலமாரியில் முருகனுக்கும் அம்மனுக்கும் ஒரு தட்டு இடம், பனி கொட்டினாலும் இடி விழுந்தாலும் குளித்த கையோடு விளக்கேற்றி, திருநீறு பூசிக்கொண்டு, அவள் நெற்றியிலும் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் காரை எடுப்பான். வண்டி ஓட்டும் சோதனைக்குப் போன அன்றைக்கு அவளுக்கு மூன்று தடவை பூசினான். அப்படிப்பட்டவன், இத்தனை பெரிய நாளில், அலமாரிக் கதவைச் சாத்தியே வைத்திருந்தான். விளக்கு ஏத்தலையா என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். "திரி தீந்துபோச்சு வல்லி. வாங்கணும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். இரண்டாவது இழுப்பறையில் ஒரு கட்டுத் திரி பிரிக்காமல் கிடந்தது, தீபாவளிக்கு வாங்கியது. அவனுக்கும் தெரியும். பொய் சொல்ல அவனுக்கு வராது, அதிலும் அந்தப் பொய்யைச் சொல்லச் சொன்னவர்கள் விளக்கைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள். லீவு போடலாம், போனை வாங்கிவைக்கலாம், சத்தமில்லாமல் பாத்திரம் துலக்கலாம். தீட்டு விழுந்த வீட்டில் சாமிக்கு விளக்கேற்ற அவன் கை போகாது. யாருக்காகவும் போகாது. அவளும் அந்த இழுப்பறையைத் திறக்கவில்லை. திரி இல்லையென்றால் இல்லை, சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுத் தலைவாரப் போனாள்.

இந்த வித்தை அவளுக்குத் தெரியாததா. செய்து காட்டியவளே அவள்தானே. இசக்கி பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது தாய்மாமா செத்துப்போனார். அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவர், சைக்கிள் பழக்கியவர், அவனுக்கு அப்பாவைவிட மாமாதான் பெரிது. பரீட்சை முடிகிறவரைக்கும் பிள்ளை காதில் போடக் கூடாது என்று பெரியவர்கள் கூடி முடிவெடுத்தார்கள், எல்லாக் குடும்பத்திலும் எடுக்கிற முடிவுதான். அம்மாவும் அப்பாவும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருப்பதாகச் சொல்லிவிட்டு அவளை அவனோடு வைத்துவிட்டுப் போனார்கள். அவள் தோசை வார்த்தாள். உயிரியல் கேள்வி கேட்டாள். டிவியில் ஏதோ நகைச்சுவை வந்தபோது அவனோடு சேர்ந்து சிரித்தாள், நிஜமாகவே சிரிப்பு வந்தது. கடைசிப் பரீட்சை முடிந்து வாசலில் அப்பா சொன்னபோது, மாமாவுக்குப் பாலே தெளித்து முடித்திருந்தார்கள். அவன் வீட்டுக்கு வந்து அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "எப்படிக்கா சிரிச்ச?" அப்புறம் ரொம்ப நாள் பேசவில்லை. இந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்வதற்காக அவள் தயாரித்து வைத்திருக்கிறாள். நீங்கள் தவறு செய்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள் என்று கட்டாயம் கேட்பார்கள், எல்லாக் கல்லூரியிலும் கேட்பார்கள், அதற்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது என்று பயிற்சி கொடுத்த பெண் சொன்னாள். தம்பி கேட்ட கேள்விக்கு அப்புறம் ஒரு மூச்சு நிறுத்து, பிறகு நீ கற்றுக்கொண்டதைச் சொல் என்றாள். செண்பகவல்லி கண்ணாடி முன்னால் அந்த மூச்சைப் பல தடவை நிறுத்திப் பழகியிருந்தாள்.

திரை மாறவில்லை. தண்ணீர் தாகமாக இருந்தது, எழுந்தால் அழைத்துவிடுவார்களோ என்று பயமாகவும் இருந்தது. தெரியாது, எனக்கு ஒன்றும் தெரியாது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று அவள் உதடு அசையாமல் சொல்லிப் பார்த்தாள். சொல்லவில்லை என்பது நிஜம். அப்படியென்றால் நேற்று இசக்கியிடம் பேசிவிட்டு எதற்காகக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள், எதற்காகக் குழாயைத் திறந்துவிட்டாள், எதற்காகப் போனில் விமானம் தேடினாள்? இருந்தது. இடம்கூட இருந்தது. ராத்திரி பதினொரு மணிக்குக் கிளம்புகிற விமானம். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் விமான நிலையம் போய்விடலாம். ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருப்பார்கள், மகள் வருகிறாள் என்றால் எல்லாரும் காத்திருப்பார்கள், அதற்கு ஊரில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அவள் அந்த விமானத்தைப் பார்த்துக்கொண்டு, ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்றாள். கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் போக வேண்டும். தெரியாதவரைக்கும் ஒன்பது மணிக்கு நேர்காணல் இருக்கிறது. இதை அவள் இத்தனை தெளிவாக நினைக்கவில்லை, நினைத்திருந்தால் செய்திருக்க மாட்டாள். பல் தேய்த்தாள். பக்கத்தை மூடினாள். குழாயை அடைத்தாள். வெளியே வந்தபோது ராஜதுரை யாரிடமோ பேசிக்கொண்டிருந்தவன் சட்டென்று போனைக் கீழே வைத்தான், அவன் கண் சிவந்திருந்தது. வெங்காயம் நறுக்குனீங்களா என்று கேட்டாள். ஆமாம் என்றான். சமையலறையில் வெங்காய வாடையே இல்லை. வாய்க்கரிசி போடும்போது மகளையும் கூப்பிடுவார்கள், பிள்ளை எங்கே, மூத்தவள் எங்கே என்று யாராவது ஒரு கிழவி கேட்டிருப்பாள். அவ கனடாவுல இருக்கா, அவளுக்குத் தெரியாது என்று அம்மா சொல்லியிருப்பாள். அவளுக்குத் தெரியாது. அம்மா அதை நம்பித்தான் சொல்லியிருப்பாள்.

கதவு மெதுவாகத் திறந்தது. ராஜதுரை ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தான், கேமராவில் விழாமல் குனிந்து, மேசை ஓரமாக வைத்தான். "இன்னும் கூப்புடலையா?" என்றான். "இல்ல." "நல்லா நிமிந்து உக்காரு." உட்கார்ந்தாள். அவன் போகவில்லை. கதவுப் பிடியைப் பிடித்தபடி நின்றான். சவரம் செய்யாத முகம், நேற்றைய பனியன். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. "வேற எதாச்சும் கேக்கணுமா வல்லி?" என்றான். தொண்டைவரைக்கும் வந்தது. ஒரே ஒரு சொல்தான், அப்பா என்று ஆரம்பித்தால் போதும், மிச்சத்தை அவன் சொல்லிவிடுவான், அந்த முகம் அதற்காகத்தான் காத்திருப்பது மாதிரி இருந்தது. அவள் டம்ளரை எடுத்துக் குடித்தாள். மெதுவாக, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். "ஒண்ணும் இல்லங்க. கதவ நல்லாச் சாத்திட்டுப் போங்க, சத்தம் வரும்" என்றாள். அவன் இன்னும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனான். கதவு சாத்திய சத்தமே கேட்கவில்லை. அவள் திரும்பியபோது திரையில் மூன்று முகங்கள் இருந்தன.

நடுவில் நரைத்த முடியோடு ஒரு பெண்மணி, ஒரு பக்கம் தாடி வைத்த டாக்டர், இன்னொரு பக்கம் அங்கேயே படிக்கிற சின்னப் பெண். எல்லாரும் சிரித்தார்கள். செண்பகவல்லியும் சிரித்தாள், சிரிப்பு தானாக வந்து உட்கார்ந்தது. பட்டத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள். மூன்று வருஷப் படிப்பு எங்கள் ஊரில் முழுப் படிப்பு என்று ஆரம்பித்து, இங்கே மறுபடி படித்தபோது எது புதிதாக இருந்தது, எது ஏற்கெனவே கையில் இருந்தது என்று சொன்னாள். கரப்பான்பூச்சி நரம்பைச் சொன்னபோது தாடி டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். சொற்கள் தேடாமல் வந்தன. இத்தனை நாள் பயிற்சியில் ஒரு தடவைகூட இப்படி வந்ததில்லை. பயம் எங்கேயோ வேறு வேலையாகப் போயிருந்தது, அவள் மனசில் அதற்கு இடமில்லை. பிறகு அந்தப் பெண்மணி கேட்டாள், நம்பிக்கை சம்பந்தமாக நீங்கள் தவறு செய்த ஒரு சந்தர்ப்பம். செண்பகவல்லி மாமாவைச் சொன்னாள். தோசையைச் சொன்னாள், கல்யாணம் என்ற பொய்யைச் சொன்னாள், டிவியைச் சொன்னாள். எப்படிக்கா சிரிச்ச என்று தம்பி கேட்டதைச் சொன்னாள். அந்த இடத்தில் மூச்சு தானாக நின்றது, பழகியதைவிட ரொம்ப நேரம் நின்றது, திரும்பி வராதோ என்று அவளுக்கே கலக்கமாகிவிட்டது. பெண்மணி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்று அதே நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள் என்று மெல்லக் கேட்டாள். உண்மையை உடனே சொல்லிவிடுவேன் என்றாள் செண்பகவல்லி. துக்கப்படுகிற உரிமையை அடுத்தவரிடமிருந்து பறிக்க எனக்கு அதிகாரம் இல்லை, அதைத்தான் கற்றுக்கொண்டேன். அந்தத் தம்பி இப்போது எப்படி இருக்கிறார் என்று சின்னப் பெண் கேட்டாள், கேள்விப் பட்டியலில் இல்லாத கேள்வி, ஆசையாகக் கேட்டாள். நன்றாக இருக்கிறான், நேற்றுகூடப் பேசினோம், எனக்கு வாழ்த்துச் சொன்னான் என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள். முடியும்போது பெண்மணி, உங்களை மறுபடி சந்திப்போம் என்று நம்புகிறேன் என்றாள். அப்படியெல்லாம் அவர்கள் சாதாரணமாகச் சொல்ல மாட்டார்கள் என்று செண்பகவல்லிக்குத் தெரியும். கிடைத்துவிட்டது. திரை அணைந்ததும் கறுப்பில் அவள் முகம் தெரிந்தது, இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ராஜதுரை கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான். அவன் கதவுக்கு அப்பால் உட்கார்ந்தே இருந்திருக்க வேண்டும். "எப்படிப் போச்சு?" என்றான். "நல்லாப் போச்சு." "நெசமாவா?" "ம். ரொம்ப நல்லா." அவன் தலையை ஆட்டினான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவளையும் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தான். அவளுடைய தோளில் கையைப் போட்டான். நல்ல மனுஷன், நேற்றிலிருந்து ஒருத்தனாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான், அவனை நினைத்தபோதுதான் அவளுக்கு முதன்முதலாகக் கண் கலங்கியது. என்ன என்று கேட்க வேண்டும். அவன் சொல்ல வேண்டும், அவள் கேட்டு அலற வேண்டும், எல்லாம் அந்த வரிசையில் நடக்க வேண்டும். "வல்லி, இங்க பாரு. மனசத் தைரியமா வச்சுக்க. ஊர்லேருந்து…" என்று தொடங்கினான்.

"எப்ப எடுத்தாங்க?" என்றாள்.

அவன் இன்னும் யார் பெயரையும் சொல்லியிருக்கவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோளில் இருந்த கை அப்படியே இருந்தது. பிறகு அவன் அதை மெதுவாகத் தன் மடிக்குக் கொண்டுபோனான்.

"அவளா ஒரு வார்த்த கேட்டா சொல்லிருங்க மாப்ள, மறைக்காதீகன்னு ஒங்கம்மா சொன்னாக," என்றான். "அங்க பொழுது சாயுற வரைக்கும் வச்சிருந்தாக. நீ கேக்கவே இல்ல."